குமரி மாவட்டத்துச் சின்ன அருங்காட்சியகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாத லீவிலும் பூஜை லீவிலும் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "பாறைக்குப் போயாச்சு, அஸ்தமனமும் பார்த்தாச்சு, இன்னும் ஒரு நாள் கையில இருக்கு, வேற என்ன பார்க்கலாம்?" நான் நாகர்கோவில்காரன், பழைய சாமான்களைக் கண்டால் நின்றுவிடுகிற ஆள், அதனால் சொந்தக்காரர்களும் சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்களும் என்னைத்தான் பிடிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, எல்லாவற்றையும் இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

கடலுக்குள் இருக்கிறதே, அது தீவா, பாறையா? அங்கே அருங்காட்சியகம் ஏதாவது உண்டா?

கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டரில் இரண்டு பாறைகள் இருக்கின்றன. தீவு என்று சொன்னாலும் தப்பில்லை, நாங்கள் பாறை என்றுதான் சொல்வோம். பெரியதில் விவேகானந்தர் மண்டபம், அடுத்ததில் வள்ளுவர் சிலை. கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள் வைத்த அருங்காட்சியகம் என்று பார்த்தால் அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் என்னைக் கேட்டால் அந்தப் பாறையே ஒரு காட்சிக்கூடம்தான். ஸ்ரீபாத மண்டபத்தில் பாறை மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தடம் இருக்கும், கன்னியாகுமரி தேவி ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த இடம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பலர் அதை ஒரு நொடி பார்த்துவிட்டு செல்ஃபி எடுக்கப் போய்விடுகிறார்கள். விவேகானந்தர் 1892 டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாளும் இந்தப் பாறைக்கு வந்து உட்கார்ந்ததே, ஏற்கெனவே இது தேவியின் இடம் என்று பெயர் பெற்றிருந்ததால்தான். மண்டபம் கட்டி முடிந்து 1970 செப்டம்பர் 2 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் வி. வி. கிரி திறந்து வைத்தார். முன்னின்று கட்டியவர் ஏகநாத் ரானடே. நாடு முழுவதும் சாதாரண ஜனங்களிடம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வசூலித்துத்தான் பெரும்பகுதிப் பணம் சேர்ந்தது.

சிலை விஷயம் சுருக்கமாக: பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக 133. அறத்துப்பாலின் 38 அதிகாரத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்கிற கணக்கு. கணபதி ஸ்தபதியின் வேலை, 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். 2024 டிசம்பர் 30 முதல் இரண்டு பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் இருப்பதால், விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே சிலைக்குப் போய்விடலாம். இதற்கு முன்பு பாதி நாள் "சிலைக்கு போட் இல்லை" என்று ஏமாந்து திரும்புவார்கள், அந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்தது.

போட் ஓடுமா, ஓடாதா?

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் ஓட்டுகிறது. பொதிகை, குகன், விவேகானந்தா என்று போட்டுகளின் பெயர். காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை டிக்கெட் கொடுப்பார்கள். காற்று பலமாக அடித்தாலோ, கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ நிறுத்திவிடுவார்கள். இந்த நீர்மட்டம் தாழ்கிற சங்கதிதான் வெளியூர்க்காரர்களுக்குப் புரிவதில்லை, "வெயில் அடிக்குது, கடல் அமைதியா இருக்கு, ஏன் ஓட்டல?" என்று வரிசையில் சண்டை போடுவார்கள். அமைதியாக இருந்தாலும் தண்ணீர் இறங்கிவிட்டால் போட்டின் அடி பாறையில் தட்டும், அவ்வளவுதான் காரணம். வாரநாளில் ஏழரைக்கே போய் வரிசையில் நின்றுவிட்டால் நிம்மதி. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் கூட்டம் வந்துவிடும். அப்போது ஏழரை கூடத் தாமதம்தான்.

எந்தெந்த நாளில் எது மூடியிருக்கும்?

இதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை லீவு. கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் லீவு. தேசிய விடுமுறை நாட்களிலும் இரண்டும் திறக்காது. வட்டக்கோட்டையும் சிதறால் மலையும் மத்தியத் தொல்லியல் துறையின் கீழ், அங்கே வார லீவு தொல்லை இல்லை. உதயகிரிக் கோட்டை வனத்துறை கையில், அதற்கு மட்டும் போகிற அன்று காலையில் தக்கலைப் பக்கம் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தை, இரண்டு கார், பதினோரு பேர், ஒரு திங்கட்கிழமை அரண்மனை வாசலில் கொண்டுபோய் இறக்கியவன் நான்தான். பூட்டின கதவுக்கு முன்னால் நின்று எல்லோரும் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். சித்தி இன்னும் விடவில்லை, எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் "இன்னைக்கு என்ன கிழமை மக்கா?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாள்.

ஒரே மாவட்டத்தில் ஏன் ஆளுக்கொரு லீவு? அரண்மனையில் ஏன் மலையாளம் எழுதியிருக்கிறது?

ஏனென்றால் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிற மண் தமிழ்நாடு, நிர்வாகம் கேரள அரசின் தொல்லியல் துறை. இந்த மாவட்டம் முழுக்கப் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி மார்ஷல் நேசமணி தலைமையில் பெரிய போராட்டம் நடந்தது, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. நிலம் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனையின் சாவி அந்தப் பக்கமே இருந்துவிட்டது.

இதை வைத்துச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை, ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் அந்தச் சாவிக்குப் பின்னால் இருக்கிற உறவைக் கண்ணாலேயே பார்க்கலாம். நவராத்திரிக்கு முன்பு, அரண்மனையின் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று பேரும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுவார்கள். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுக்கிற சடங்கு நடக்கும். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் நிற்பார்கள், இரண்டு மாநிலத்துப் போலீசும் நிற்கும். உங்கள் பயணம் அந்த வாரத்தில் அமைந்தால் மற்ற திட்டத்தை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதற்குப் போங்கள்.

அரண்மனை பெரிதாக இருக்கிறதே, எதைத்தான் பார்ப்பது?

அவசரமாகப் போனால் முக்கால் மணி நேரத்தில் சுற்றி வெளியே வந்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள், வந்து "மரமா இருக்கு, இருட்டா இருக்கு" என்கிறார்கள். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளை விடுவார்கள், அதனால் காலை ஒன்பதுக்கே உள்ளே போவதுதான் புத்திசாலித்தனம். செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும், அதுவும் நல்லதுக்குத்தான், ஏனென்றால் இந்த அரண்மனையைப் பாதி காலால்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கறுப்புத் தரையைச் சொல்கிறேன். கண்ணாடி மாதிரி மின்னும், மேலே இருக்கிற விட்டத்தின் நிழல் தரையில் தெரியும், வெளியே மே மாத வெயில் கொளுத்தினாலும் உள்ளங்காலில் சில்லென்று இருக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகியது என்று அங்குள்ள வழிகாட்டிகள் சொல்வார்கள். குனிந்து கையை வைத்துப் பாருங்கள், தேங்காயெண்ணெய் தடவின கல்சட்டியைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

முகப்பு மண்டபத்தின் மரக்கூரையை அண்ணாந்து பார்த்தால் பூக்களாகச் செதுக்கியிருப்பார்கள், தொண்ணூறு பூ, ஒன்று போல இன்னொன்று இல்லை என்பார்கள். நான் நாற்பது வரை எண்ணி கழுத்து வலித்து விட்டுவிட்டேன். அங்கேயே தொங்குகிற குதிரைவீரன் விளக்கைத் தவறவிடாதீர்கள். சீனர்கள் கொடுத்த நாற்காலி ஒன்றும் இருக்கிறது. மேலே மந்திரசாலை, மன்னர் ஆலோசனை நடத்திய அறை. ஜன்னலில் அபிரகத் தகடு பதித்திருப்பதால் வெளிச்சம் கண்ணைக் குத்தாமல், வடிகட்டின மாதிரி உள்ளே வரும். அடுத்து ஊட்டுப்புரை, ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு போட்ட நீளக் கூடம். அதன் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தால் இந்தியில் ஒரு பாட்டு எடுக்கலாம் போலிருக்கும், எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உப்பரிகை மாளிகை நான்கு அடுக்கு. கீழே கருவூலம், அதற்கு மேல் மூலிகை மரங்களால் செய்த கட்டில், 64 வகை மரம் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு. உச்சியில் பத்மநாப சுவாமிக்கான பூஜை அறை, சுவர் முழுக்க ஓவியம், ஆனால் அது பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். ஏன் சாமிக்கு அறை என்றால், மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, தன்னைச் சாமியின் தாசன் என்று அறிவித்துக்கொண்டார். கல்குளம் என்ற ஊர் பத்மநாபபுரம் ஆனதும் அவர் காலத்தில்தான், தாலுகா மட்டும் இன்றைக்கும் கல்குளம்தான். அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் அவருக்கு முன்பே, 1601 வாக்கில் கட்டியது. 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு இந்த இடம் தூங்கிவிட்டது, தூங்கியதால்தான் தப்பித்தது என்று நினைக்கிறேன். தலைநகரமாகவே இருந்திருந்தால் யாராவது ஒரு ராஜா இடித்து வெள்ளைக்காரப் பாணியில் கட்டியிருப்பார்.

எனக்குப் பிடித்தது கடைசியில் வருகிற தெக்கே கொட்டாரம், அதாவது தெற்கு அரண்மனை. அங்கே ராஜ விஷயம் அதிகம் இல்லை, வீட்டுச் சாமான்கள்தான், அதனால் கால் வலிக்கிற நேரத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். என் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போனபோது, கட்டில், நாற்காலி எதற்கும் அசராதவள் அங்கே வந்ததும் நின்றுவிட்டாள். உருளியையும் செம்புகளையும் பார்த்து, "இதுல பாதி நம்ம பரண்ல கெடக்கு, டிக்கெட் எதுக்கு எடுத்தா?" என்றாள். ஆனால் அரை மணி நேரம் நகரவில்லை. எது பிரதமன் பாயசம் காய்ச்ச, எது எண்ணெய் காய்ச்ச, எதில் புளி போட்டால் களிம்பு ஏறும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள், பக்கத்தில் இருந்த வடநாட்டுக் குடும்பம் மொழி புரியாமலே அவள் கை காட்டுகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பியது.

கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகம் சின்னதாமே, போக வேண்டுமா?

சின்னதுதான். காந்தி மண்டபம் சாலையில், கடலைப் பார்க்கப் போகிற கூட்டம் முழுக்க அதைத் தாண்டித்தான் போகும், உள்ளே நுழைபவர்கள் கொஞ்சம் பேர். ஒரு மணி நேரம் போதும். மரச்சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், நாணயங்கள், பழங்குடி மக்களின் பொருட்கள் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். மின்விசிறி ஓடும், கூட்டம் இருக்காது, பகல் பன்னிரண்டு மணி வெயிலுக்கு இதைவிட நல்ல இடம் அந்தத் தெருவில் கிடையாது என்பது என் கருத்து. எழுதிவைத்திருக்கும் விவரம் இரண்டு வரியோடு நின்றுவிடும் என்பதுதான் குறை, அதனால் போவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

உதாரணத்துக்குத் திருவிதாங்கூர்க் காசு. இங்கேயோ வேறு எங்கேயோ திருவிதாங்கூர் நாணயம் கண்ணில் பட்டால் இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், வெள்ளைக்காரன் ரூபாய்க்கோ இருபத்தெட்டரை சக்கரம். அந்த அரைச் சக்கரத்தை வைத்து எல்லையில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளிச் சக்கரம் மிளகு அளவுக்குத்தான் இருக்கும், கையால் எண்ணினால் விடியும். அதனால் குழிகள் போட்ட சக்கரப் பலகை என்று ஒன்று வைத்திருந்தார்கள், காசை வாரிப் பலகையில் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும், மிச்சத்தைத் தட்டிவிட்டால் எண்ணிக்கை தயார். இது தெரிந்த பிறகு ஒரு பொடி நாணயத்தைப் பார்ப்பதும் தெரியாமல் பார்ப்பதும் ஒன்றில்லை.

காந்தி மண்டபம், காமராஜர் மண்டபம்?

இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டுக்குமாக முக்கால் மணி நேரம். காந்தியின் அஸ்தியை 1948 பிப்ரவரி 12 அன்று இங்கே கடலில் கரைப்பதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைத்த இடத்தில் 1956இல் மண்டபம் எழுந்தது. அக்டோபர் 2 மதியம் கூரைத் துளை வழியாக வெயில் சரியாக அஸ்தி வைத்த பீடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். காந்தி இங்கே இரண்டு முறை வந்தார், 1925இலும் 1937இலும். நடுவில், 1936இல், எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்ற ஆலயப் பிரவேசப் பிரகடனம் திருவிதாங்கூரில் வந்தது. அந்த இரண்டு வருகைக்கும் இடையில் இந்த ஊரே மாறிப்போயிருந்தது என்பதை அங்கே நிற்கும்போது யோசித்துப் பார்க்கலாம். காமராஜர் மண்டபத்தில் புகைப்படங்கள்தான் விசேஷம். அவர் சாகும்போது எங்கள் நாகர்கோவில் எம்.பி. என்பதை விருதுநகர்க்காரர்களிடம் நாங்கள் அடிக்கடி ஞாபகப்படுத்துவதுண்டு.

உதயகிரிக் கோட்டையில் டச்சுக்காரர் கல்லறை இருப்பது நிஜமா?

நிஜம். புலியூர்க்குறிச்சியில், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையின் ஓரத்திலேயே கோட்டை. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். கைதியாக வந்தவர் அப்படியே ராஜாவின் பக்கம் சேர்ந்து, படைக்குப் பயிற்சி கொடுத்து, கோட்டைகளைச் சரிசெய்து, இங்கே பீரங்கி வார்க்கும் பட்டறையும் நடத்தி, தளபதியாகவே 1777இல் செத்தார். ஜனங்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன் என்றார்கள். கூரை இல்லாத ஒரு சின்னத் தேவாலயத்துக்குள் அவர் கல்லறை, பக்கத்தில் மனைவி, மகன். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. டச்சுக் கம்பெனிக்கு வேலை பார்க்க வந்தவனுக்குக் கல்லறையில் தமிழ் எழுத்து. நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, போய்ப் பாருங்கள். மகன் 1765இல், இருபது வயதில், களக்காட்டுச் சண்டையில் போனவன்.

கோட்டைக்குள் மரங்கள் அடர்ந்த பூங்கா, நடக்க நன்றாக இருக்கும், சாயங்காலம் கொசு பிடுங்கும். குளச்சலுக்குப் போனால் வெற்றித் தூண் ஒன்று நிற்கும், அது மட்டும் பார்க்க அவ்வளவு தூரம் வேண்டாம், மீன் வாங்குகிற சாக்கில் போகலாம்.

வட்டக்கோட்டை?

கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர், அஞ்சுகிராமம் போகிற பக்கம். கருங்கல் கோட்டை, சுவர் மேல் ஏறி நடந்தால் கீழே கடல். உள்ளே மீன் சின்னம் செதுக்கியிருப்பதைத் தேடச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு நல்ல வேலை. வெயில் சாய்ந்து நாலு மணிக்கு மேல் போங்கள். நிழல் கிடையாது.

சிதறால் மலை ஏறுவது கஷ்டமா?

மார்த்தாண்டத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். கல் பாவிய பாதை, ஒன்றும் இமயமலை இல்லை, ஆனால் வயதானவர்கள் நின்று நின்றுதான் ஏற வேண்டும், தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பெயர் திருச்சாரணத்து மலை. ஒன்பதாம் நூற்றாண்டில் சமணர்கள் இருந்த இடம், பாறையில் தீர்த்தங்கரர்களும், தலைக்கு மேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதரும், அம்பிகாவும் வரிசையாக இருப்பார்கள். பிற்காலத்தில் பகவதி கோயில் ஆகிவிட்டது. அங்கே வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்றில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி பொன்னணி கொடுத்த செய்தி இருக்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் இந்த மலையில் ஒரு டீச்சரம்மா, அவர் பெயரோடு நிற்கிறார்! இறங்கி நாகர்கோவில் வந்தால் நாகராஜா கோயில் தூண்களிலும் மகாவீரரும் பார்சுவநாதரும் இருப்பதைப் பார்க்கலாம், இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் கதை முழுசாகும்.

மீனவர்கள், பனையேறிகள் வாழ்க்கையைக் காட்டுகிற அருங்காட்சியகம் உண்டா?

எனக்கு எரிச்சல் வருகிற கேள்வி இது, கேட்டவர் மேல் இல்லை. இந்த மாவட்டத்தில் ராஜாவுக்கு அரண்மனை இருக்கிறது, தலைவர்களுக்கு மண்டபம் இருக்கிறது. நாகர்கோவிலில் நேசமணிக்கும் ஜீவாவுக்கும் மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் கடலோரத்தில் நீரோடி வரைக்கும் வரிசையாக இருக்கிற மீனவ ஊர்களின் சாமானும், தேரிமண்ணில் பனை ஏறினவர்களின் சாமானும் அந்த அளவுக்கு மரியாதையாக ஒரு கூரையின் கீழ் வரவில்லை. அதனால் அதைக் கடற்கரையிலும் பனந்தோப்பிலும் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கட்டுமரம் என்ற பெயரை உலகமே கடன் வாங்கிக்கொண்டது. மூன்று நாலு தடியைக் கயிற்றால் கட்டியதுதான் மரம், வேலை முடிந்தால் அவிழ்த்துக் காயப்போடலாம். இப்போது பெரும்பாலும் ஃபைபர் வள்ளமும் எஞ்சினும் வந்துவிட்டன. கரமடி இழுக்கிற நாள் அமைந்தால் விடாதீர்கள்: வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். இன்னொன்று கணிச்சம். கடலில் பாறைப்பார் இருக்கிற இடத்தை, கரையில் தெரிகிற மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்துக் கணிக்கிற வித்தை. ஜிபிஎஸ் வந்த பிறகு இளவட்டங்கள் மறந்துகொண்டு வருகிறார்கள். பெரியவர் யாராவது கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மரியாதையாக, கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, "கணிச்சம் எப்படி அண்ணாச்சி பிடிப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மலை பெயராக எடுத்துச் சொல்வார். பதில் சொல்ல மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அது அவருடைய வேலை நேரம்.

பனைக்கும் அப்படியே. மரத்தில் சாய்த்து ஏறும் முருக்குத்தடி, காலில் மாட்டும் திளாப்பு, பாளை அரிவாள், இடுப்பில் குடுவை. இவ்வளவையும் கட்டிக்கொண்டு ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை பனை ஏறி இறங்கினார் என்று உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கேளுங்கள். நீங்கள் பதநீர் என்று சொல்வதை நாங்கள் அக்கானி என்போம், சாமிதோப்புப் பக்கம் சீசனில் குடித்துவிட்டுப் போங்கள்.

கடற்கரைக்குப் போனால் கன்னியாகுமரியில் சுனாமி நினைவுச் சின்னமும் இருக்கிறது. ஒரு கை அலையைத் தடுக்கும், இன்னொரு கை விளக்கைப் பிடித்திருக்கும். 2004 டிசம்பர் 26 காலையில் விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள், அவர்கள் தப்பித்தார்கள். குளச்சலிலும் மணக்குடியிலும் பலர் தப்பிக்கவில்லை. அங்கே போனால் சத்தம் போடாமல் இருங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அரண்மனைக்குள் கொஞ்சம் ஓடவும் ஒளியவும் இடம் இருக்கும். கையில் தூக்கிப் பலம் காட்டுவதற்கு வைத்திருந்த உருண்டைக் கல் ஒன்று அங்கே இருக்கிறது, 38 கிலோ, படையில் சேர வருகிறவன் நூற்றியொரு தரம் தூக்க வேண்டும் என்று கதை. என் மகன் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் வீட்டில் அரிசி மூட்டையோடு மல்லுக்கட்டினான். வயதானவர்களுக்குத்தான் சிரமம், படிகள் செங்குத்து, நிலைகள் தாழ்வு, தலை இடிக்கும்.

போட்டோ எடுக்கலாமா?

அரண்மனையில் கேமராவுக்குத் தனிச் சீட்டு. விவேகானந்தர் மண்டபத்துக்கு உள்ளே கூடாது. மற்ற இடங்களில் கேட்டுவிட்டு எடுங்கள்.

சாப்பாடு?

தக்கலையில் மரச்சீனி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும். சாயாவோடு பழம்பொரி. வழியில் மட்டிப் பழம் ஒரு சீப்பு வாங்கி காரில் போட்டுக்கொள்ளுங்கள், வேறு ஊரில் கிடைக்காது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்?

திங்கட்கிழமை இல்லாத நாளாகப் பார்த்து, காலை ஒன்பதுக்குப் பத்மநாபபுரம், மதியம் தக்கலையில் சாப்பாடு, திரும்பும்போது உதயகிரியில் கல்லறை, மாலை வட்டக்கோட்டை. பாறையை அடுத்த தடவைக்கு வையுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டீர்கள், தெரியும்.

எங்கள் வீட்டிலும் பழைய சாமான் கிடக்கிறது, அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

கேட்டுப் பார்க்கலாம். சிலை, செப்புத் திருமேனி மாதிரி நூறு வருஷத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், மண் தோண்டும்போது கிடைத்தது என்றால் தாசில்தாரிடம் சொல்ல வேண்டும், அதை விற்கப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். மற்றபடி உருளி, நாழி, மரக்கால் வகையறாவை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி உள்ளே போட்டுவையுங்கள்: யார் வீட்டுச் சாமான், எதற்குப் பயன்பட்டது, எங்கே வாங்கியது. ஆச்சி போன பிறகு எங்கள் பரணை இறக்கினபோது ஒரு மர அளவை கிடைத்தது. நாழியா, இடங்கழியா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னோம். 4 நாழி ஒரு இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை என்ற கணக்கு மட்டும் எனக்குத் தெரியும். கடைசியில் சமையல்கட்டிலிருந்து அரிசியைக் கொண்டுவந்து அளந்து பார்த்தோம், இடங்கழிதான். அடியில் கரியால் ஒரு கோடும் இரண்டு புள்ளியும் போட்டிருக்கிறது, அது என்ன அடையாளம் என்று கேட்க ஆள் இல்லை.